கதவு சாத்திய பதினொரு நிமிடம்

நம்பாதவர்கள் கொல்லிமலைக்கு வந்தால், செம்மேடு பஸ் நிலையத்துக்கு எதிர்மாடியில் இருக்கும் வீடியோ எடிட்டிங் கடைக்கு ஏறிப் பார்க்கலாம். சுவர் ஆணியில் ஒரு ஹெட்போன் தொங்கும். இடது பக்கம் பஞ்சு இருக்கும். வலது பக்கம் இருக்காது. அதைப் பிய்த்து எறிந்தவள் ஷாஹிஸ்தா. கடைக்காரி. சேந்தமங்கலத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் மலையேறி வருகிறவள். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று ஆறு வருஷமாகப் படங்களை வெட்டி ஒட்டுகிறவள். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. அவளுக்கு நடந்தது நடந்தபடியே இது.

போன ஐப்பசி. மதியம் ஒன்று இருபது. மழை விட்டு, பனிமூட்டம் படியேறி வந்து கடை வாசலில் நின்றது. அதன் பின்னாலேயே கலைமணி வந்தாள். மலைமேலேயே உள்ள ஆலத்தூர் நாட்டுக்காரி. கையில் ஒரு மெமரி கார்டு.

"ஏம்மா கண்ணு, இதுல ஒரு பதினோரு நிமிசத்துக்குப் படம் தெரியக்கூடாது. சத்தம் மட்டும் கேக்கோணும். ஆகுமா?"

"ஆகுங்க்கா. என்ன இருக்குது அதுல?"

கலைமணியின் அப்பா மாணிக்கம் இறந்து எட்டாம் நாள் படையல் வைத்தார்கள். சாமைச் சோறு, மிளகு தூக்கலாகப் போட்ட நாட்டுக்கோழிக் குழம்பு. இலை நிறையப் பரிமாறிவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். அது முறை. யாரும் பார்க்காதபோதுதான் செத்தவர் வந்து சாப்பிடுவார். பார்த்துக்கொண்டிருந்தால் வரமாட்டார்.

"நாங்க கதவச் சாத்திட்டோம். காமிரா உள்ள கண்ணத் தொறந்துட்டே நின்னுருக்குது. படம் புடிக்க வந்த அந்த யுவராஜ் பீடி குடிக்கப் போனவன், கதவு தொறக்கறப்பத்தான் வந்தான். வாயில வடை வேற."

ஷாஹிஸ்தாவுக்குச் சிரிப்பு வந்தது. கலைமணி சிரிக்கவில்லை.

"வெச்ச சோறு வெச்சபடி இருந்துச்சு கண்ணு. காக்காய்க்கு வெச்சோம். கிட்ட வந்து மோந்து பாத்துட்டுப் போயிருச்சு. அன்னையில இருந்து எங்கம்மா பச்சத் தண்ணிதான். 'அவரு பசியோட போயிருக்காரு, எனக்கென்ன சோறு'ங்கறா. இன்னைக்கு மூணு நாளு."

தம்பி சந்தோஷ்குமார் குவைத்தில். லீவு கிடைக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று அம்மா கண்ணாயி அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டாளே, அந்தக் குரலாவது அவனுக்கு வேண்டும். அதனால் சத்தம் இருக்க வேண்டும். படத்தை மறைத்துவிட்டால் காமிரா கண்ணை மூடிய மாதிரி. அதைச் சொல்லியாவது அம்மாவை ஒரு வாய் சாப்பிட வைத்துவிடலாம்.

"நாலரை பஸ்ஸுக்குள்ள வாரேன் சாமி."

போய்விட்டாள்.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பார்க்கிற நமக்கு வீடியோ என்பது ஒன்றுதான். எடிட்டிங் திரையில் அது இரண்டு பட்டைகள். மேலே படம், கீழே சத்தம். ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி. ஒன்றை அணைத்தால் மற்றதும் அணையும். ஆகவே முதலில் இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பைப் பிரிக்க வேண்டும். பிறகு படத்தை மட்டும் அணைக்கலாம். அழிப்பது வேறு, அணைப்பது வேறு. அணைத்த படம் அதே இடத்தில்தான் இருக்கும். திரைக்கு வராது, அவ்வளவுதான். கறுப்புத் திரையில் சத்தம் மட்டும் ஓடும்.

சத்தத்திலும் இரண்டு உண்டு. காமிராவில் இரண்டு மைக். இடது மைக் பிடித்தது இடது காதில் கேட்கும், வலது மைக் பிடித்தது வலது காதில். கண்ணை மூடினாலும் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிவது அதனால்தான்.

இரண்டு ஐந்துக்கு ஷாஹிஸ்தா ஹெட்போனை மாட்டினாள். வேலைக்கு முன் ஒருமுறை முழுதும் பார்ப்பது வழக்கம். மண்சுவர் அறை. வலது ஓரத்தில் இலை. குவித்த சோறு, அதன் மேல் கோழிக்கால். இடது ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் மாணிக்கத்தின் போட்டோ. கதவுக்கு அப்பாலிருந்து கண்ணாயியின் குரல்.

"வாங்க சாமி... வந்து சாப்புடுங்க..."

பதினொரு நிமிடமும் அதேதான். ஓர் ஈகூட இலையில் உட்காரவில்லை.

இரண்டு இருபத்தொன்று. இணைப்பைப் பிரித்தாள். படத்தை அணைத்தாள். முதலிலிருந்து ஓடவிட்டாள்.

கண்ணாயி கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

மூன்றாவது நிமிடம், பன்னிரண்டாவது நொடி.

சளக்.

வலது காதில். குழம்புச் சோற்றை ஐந்து விரலாலும் பிசையும் சத்தம். பிசைந்து, பிதுக்கி, உருட்டி... பிறகு வாய். மூடாத வாய். எச்சிலும் சோறும் சேர்ந்து நாக்குக்கடியில் புரள்வது தனித்தனியாகக் கேட்டது. மென்றுகொண்டே மூக்கால் மூச்சு விட்டது. மூக்கில் சளி.

ஷாஹிஸ்தா மறுபடி படத்தைப் போட்டாள்.

சத்தம் நின்றது. பாதி மெல்லலில் நின்றது. கண்ணாயியின் குரல் மட்டும் ஓடியது. அறை காலி. ஆனால் குவித்த சோற்றில் ஒரு குழி விழுந்திருந்தது.

முன்பு அந்தக் குழி இல்லை.

பார்த்தது கண் கோளாறோ? மறுபடி அணைத்தாள்.

விட்ட இடத்திலிருந்து மென்றது.

கடக்... முடக். எலும்பு. கடைவாயில் வைத்து நொறுக்கியது. உள்ளேயிருக்கும் ஊனை 'சூஊஊப்' என்று உறிஞ்சியது. சக்கையைத் துப்பியது. துப்பியதை மறுபடி எடுத்து மென்றது.

ஒவ்வொரு கடிக்கும் பிறகு, இடது காதில், தூரத்தில், சின்னதாக ஒரு 'மடக்'. கூரை ஒழுகி வாளியில் சொட்டுகிறதென்று நினைத்தாள்.

படத்தைப் போட்டாள். பாதி இலை.

அணைத்தாள்.

இப்போது நக்கியது. மாட்டு நாக்கு மாதிரி சொரசொரவென்று, இலையை அடியிலிருந்து நுனிவரை...

விரல் ஒவ்வொன்றையும் சூப்பியது.

எண்ணினாள்.

ஏழு.

பிறகு ஏப்பம்.

பக்கத்தில்.

காதுக்குள்.

வெதுவெதுவென்று...

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். வலது பஞ்சு நனைந்திருந்தது. பிசுபிசுப்பு. புளித்த சோறும் மிளகும் கலந்த வீச்சம். கன்னத்தில், காது மடலில், முடியில் எல்லாம் அதே எண்ணெய்ப் பிசுக்கு. வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். முகத்தை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்று டப்பாவைத் திறக்காமலே நாய்க்குக் கொட்டினாள்.

கலைமணி நான்கு பத்துக்கு வந்தாள். ஷாஹிஸ்தா படத்தைப் போட்டு இலையை மட்டும் காட்டினாள்.

துடைத்துவிட்ட மாதிரி பச்சை இலை. ஒரு பருக்கை இல்லை.

கலைமணி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது.

"அப்பா சாப்ட்டுட்டாருங்க! படத்த மறச்சதும் சாப்ட்டுட்டாரு! அன்னைக்கு எங் கண்ணால பாத்தனே, வெச்சபடி இருந்துச்சே!"

அப்போதே வீட்டுக்குப் போன் போட்டாள். "யம்மா, அப்பா இலைய வழிச்சுச் சாப்ட்டுட்டாரு. நீ மொதல்ல ஒரு வாய் சாப்புடு. ஆமாம்மா, எங்கண்ணால பாத்தேன்." அந்தப் பக்கம் கண்ணாயி அழுவது கேட்டது. பிறகு சட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

"அம்மாவாசைக்கு இன்னொருக்காப் படைக்கோணும்னு இருந்தோம் கண்ணு. இனித் தேவையில்ல."

ஷாஹிஸ்தாவுக்கு அப்போதுதான் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. அருவருப்பு போகவில்லை. ஆனாலும் பசித்த கிழவர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"அக்கா... அப்பா எலும்பெல்லாம் நல்லாக் கடிப்பாராக்கா?"

கலைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"எங்க கடிக்கறது? வாயில புத்துன்னு ஆறு மாசத்துக்கு முன்னயே மொத்தப் பல்லையும் எடுத்துட்டாங்க. கடைசி வரைக்கும் கஞ்சித் தண்ணிதான். கோழிக் கொழம்புன்னு கேட்டுக் கேட்டே போயிட்டாரு."

ஷாஹிஸ்தாவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

போனில் கண்ணாயி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஷாஹிஸ்தா படத்தை அணைத்த பிரதியைக் குவைத்துக்கு அனுப்பினாள். கலைமணி நாலரை பஸ்ஸைப் பிடித்தாள்.

ஐந்தே முக்கால். ஷாஹிஸ்தா கடைசி இறக்கத்தில், சேந்தமங்கலம் போகும் பஸ்ஸில் இருந்தாள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் சிக்னல் வந்து போன் அதிர்ந்தது. சந்தோஷ்குமார் குரல் செய்தி அனுப்பியிருந்தான்.

"வீடியோ வந்துதுங்க. ரொம்பத் தேங்க்ஸுங்க. அம்மா கொரலு நல்லாக் கேக்குது. எடது காதுல மட்டும் ஒரு சத்தம் இருக்குதுங்க. அப்பா போட்டோ வெச்ச பக்கம். யாரோ பசியில வெறும் எச்சி முழுங்கற மாதிரி... மடக் மடக்குன்னு கடைசி வரைக்கும் வருது. அத மட்டும் எடுத்துட்டு அனுப்ப முடியுங்களா?"

ஷாஹிஸ்தா அந்தச் சத்தத்தை இன்னும் எடுக்கவில்லை.