பத்து உதைக்கு ஒரு கும்பிடு

வீட்டில் வழுக்கி விழுந்ததில் எனக்கு இடுப்பு மூட்டை மாற்றி ஆப்பரேஷன் செய்தார்கள். காலில் எவ்வளவு பலம் வந்திருக்கிறது என்று வெள்ளிக்கிழமை பார்ப்போம், வந்திருந்தால் வீடு, இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வீட்டுக்குப் போயே ஆகவேண்டியிருந்தது. காரணத்தை எழுதவும் கூச்சமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கழிவறைக் கதவைச் சாத்த விடமாட்டார்கள். விழுந்துவிடுவேனாம். பாதி திறந்த கதவுக்கு வெளியே ஒரு தாதி நின்று, முடிந்ததா முடிந்ததா என்று கேட்பார். அப்படிக் கேட்டால் எனக்கு எங்கே முடியும்?

பயிற்சி கொடுக்க வந்தது ஒரு சின்ன வயதுச் சீனப் பெண். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, குதிகாலைப் படுக்கையில் இழுத்து முட்டியை மடக்குவது எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்து, தன் உள்ளங்கையை என் பாதத்துக்கு நேராக வைத்துத் தள்ளச் சொன்னாள்.

ஒருவர் மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே வளர்ந்தவள் நான். கால் பட்டதும் கை தானாகப் போயிற்று. அவள் பதறிவிட்டாள். முன்னால் குனியவே கூடாதாம், புது மூட்டு கழன்றுவிடுமாம். மறுபடி பட்டது, மறுபடி குனிந்தேன், மறுபடி பதறினாள். மன்னிப்புக் கேட்க வழியில்லை என்றால் தப்பே செய்யாமல் இருந்துவிடலாம் என்று, காலைப் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் சுளித்துக் காட்டினேன். மூன்று நாள் இப்படியே போயிற்று. அவளும் ஏதோ எழுதிக்கொண்டே போனாள்.

பக்கத்துக் கட்டிலில் முட்டி ஆப்பரேஷனுக்கு வந்த ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். அவர் வீட்டுக்காரருக்குத் தேக்காவில் துணிக்கடை. எனக்கு இங்கிலீஷ் அரைகுறையாகப் புரியும், பேச வராது; அவர் நன்றாகப் பேசுவார். வார்டில் அவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க கால்ல பலமே இல்லைன்னு எழுதி வச்சிருக்கு லா அந்தப் பொண்ணு. ரெண்டு வாரம் நிச்சயம்."

தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கட்டில் குலுங்கச் சிரித்ததில் அவருக்கு முட்டித் தையல் வலித்தது. மறுநாள் அந்தப் பெண் வந்ததும் அவரே இங்கிலீஷில் விளக்கினார். பேசிய நேரத்தைப் பார்த்தால் என் கதையோடு அவர் கதையும் சேர்ந்திருக்க வேண்டும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குனியாம மொதல்லயே மொத்தமா கேட்டுக்குங்க அக்கா. பத்து உதைக்கும் சேத்து ஒரே கும்பிடு. அது ஓகேன்னுருச்சு."

படுத்தபடியே கைகூப்பினேன். அவளும் கைகூப்பினாள். கண்ணை மூடிக்கொண்டு மூன்று நாள் பாக்கியையும் சேர்த்துத் தள்ளினேன். கண்ணைத் திறந்தால், அவள் முக்காலியோடு எதிர் வரிசைக் கட்டிலருகே இருந்தாள். மீதி ஒன்பதும் வேண்டாம் என்று சொல்லிச் சிரித்தாள். பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

சாயங்காலமே என் வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கேயும் தினமும் நான் தள்ளிப் பழக யாராவது பாதத்துக்கு நேராகக் கை வைக்க வேண்டும் என்பதால், செம்பவாங்கிலிருந்து மகன் வருகிறான். அவனிடம் நான் மன்னிப்பெல்லாம் கேட்பதில்லை. வயிற்றில் இருந்தபோது அத்தனை உதை உதைத்தானே, அவன் கேட்டானா?