பின்பக்கம் பார்க்கும் மாப்பிள்ளை

தையல் மிஷின் மெக்கானிக்குக்கு மாதத்தில் இருபது நாள் வெளியூர்தான். துணி கம்பெனி துணி கம்பெனியாக ஏறி இறங்கி மிஷின் பார்ப்பார். கிடைக்கிற பயணப்படியில் பெரிய ஓட்டலுக்குப் போனால் தண்ணீர் பாட்டிலோடு எழுந்து வரவேண்டியதுதான். அதனால் இருபத்திரண்டு வருஷமாக ரோட்டுக்கடைச் சாப்பாடு. ஒருநாள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்ததில்லை மனிதர். கடையில் உட்காருமுன் பின்பக்கம் போய்ப் பார்த்துவிடுவார். தட்டை எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள், சோறு எப்போது வடித்தது, எல்லாம் விசாரணை நடக்கும். மிஷினைக் கவிழ்த்துப் பார்க்காமல் எந்த மெக்கானிக்காவது வாயைத் திறப்பானா என்பது அவர் கட்சி.

மனைவியின் அண்ணனுக்கு இது ஒரு கேலிப்பொருள். பேங்க் மேனேஜர். கெட்டவர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். எந்த விசேஷ வீட்டிலும், “வாங்க ரோட்டுக்கடை மாப்பிள்ளை” என்று பத்துப் பேர் காதில் விழும்படி கூப்பிடுவார். மெக்கானிக் சிரித்து மழுப்பிவிடுவார். மனைவிதான் தலையைக் குனிந்துகொள்வாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைக்கும். சொந்தபந்தத்துக்கு நடுவில் ஒருநாளாவது அவள் நிமிர்ந்து உட்காரவேண்டும் என்று வெளியே சொல்லாத ஆசை ஒன்று அவருக்கு இருந்தது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் பன்னிரண்டு பேர் வேனில் கிளம்பினார்கள். மதியம் இரண்டாகிவிட்டது. மாமியாருக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். மச்சான் கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டலாகப் பார்த்து நிறுத்தச் சொன்னார். எல்லோரும் உள்ளே உட்கார, மெக்கானிக் மட்டும் வழக்கம்போல் பின்பக்கம் போனார்.

அங்கே ஒரே தொட்டியில், பழுப்பேறிய தண்ணீரில், அத்தனை தட்டும் முங்கி எழுந்துகொண்டிருந்தன. நேற்றைய சோறு ஆவியில் சூடாகிக்கொண்டிருந்தது.

“எந்திரிங்க, இங்க வேண்டாம்” என்றார் திரும்பி வந்து.

“ஆரம்பிச்சிட்டாரு! ஏசியில உக்காந்தா நம்ம மாப்பிள்ளைக்குச் சோறு இறங்காது” என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள்.

இந்தத் தடவை மெக்கானிக் மழுப்பவில்லை. “நல்லா சிரிங்க மச்சான். ஆனா இந்தத் தட்டுல அத்தைக்குச் சோறு வைக்க நான் விடமாட்டேன்.”

மனைவி எழுந்தாள். அம்மாவின் கையைப் பிடித்தாள். “வாம்மா. அவரு பாத்தா சரியா இருக்கும்.”

அப்புறம் யார் உட்கார்ந்திருப்பார்கள்? எதிர்ப்புறம் ஒரு தகரக் கொட்டகை. பெஞ்சு நிறைய லாரிக்காரர்கள். மெக்கானிக் பின்னால் போய்ப் பார்த்தார். தட்டுக்கு வெந்நீர், ஓடுகிற குழாய், அப்போதுதான் வடித்த சோறு. “உக்காருங்க” என்றார்.

சோறு, குழம்பு, அவித்த முட்டை. அவ்வளவுதான். நாலு வாய் இறங்கியதும் மாமியார் முகம் தெளிந்தது. மச்சான் உர்ரென்றுதான் தட்டில் கை வைத்தார். பிறகு வாரி வாரிச் சாப்பிட்டார். மூன்றாவது தடவை அவர் குழம்பு கேட்டபோது கடைக்காரம்மா, “சட்டியவே பக்கத்துல வச்சிரட்டுமா சார்?” என்றாள். கொட்டகையே சிரித்தது. மச்சானும் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தார்.

மறுநாள் திரும்பும்போது வேறொரு சாலையில், ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் வேன் நின்றது. எல்லோருக்கும் நல்ல பசி. ஆனாலும் மச்சான் கதவை மறித்துக்கொண்டார்.

“யாரும் இறங்காதீங்க. மாப்பிள்ளை, நீங்க போய்ப் பின்பக்கம் பாத்துட்டு வாங்க. நீங்க சொன்னப்புறம்தான் நாங்க இறங்குவோம்.”

மெக்கானிக் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலோரம் அவர் மனைவி நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.