இரண்டு பதுங்குகுழிகள்

மருதனார்மடச் சந்திக் கடையில் கண்ட வெளிநாட்டுப் பிஸ்கற் பேணியின் மூடியில், கட்டம்போட்ட பாவாடை கட்டிய ஸ்கொட்லாந்துச் சிப்பாய்கள் தோளோடு தோள் உரச நின்றார்கள். மலாயாவில் அவர்களுடைய முகாமில் கிளாக்கராக இருந்தவர் என் பெரியப்பா. ஒரே ஊர்ப் பெடியளை ஒரே அணியில் சேர்ப்பது அந்தப் படைகளின் வழக்கமாம். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, ஒரு ஷெல்லில் ஒரு வீடே வெறுமையாகிவிடுமாம்.

அதனால்தான், பின்னாளில் இராணுவ வேலிக்குள் அகப்பட்டுத் தரைமட்டமான எங்கள் வீட்டு வளவில், செம்மண்ணும் மண்ணெண்ணெயும் மணக்கும் பெரியப்பா வெட்டுவித்த பதுங்குகுழிகள் இரண்டு இருந்தன. ஹெலி இரையும்போதெல்லாம், "செத்தா ஒண்டாச் சாவம் அத்தான்" என்று அம்மா தன்னிடம் குழறுவதைக் கேளாமல், "தள்ளி இருங்கோடா" என்று அதட்டியபடி பெரியப்பா என்னை அண்ணையிடமிருந்து பிய்த்து, தலைமயிரில் பிடித்துத் தன் குழிக்கு இழுத்துப்போவார். நான் அவர் கையைக் கடிப்பேன். அம்மாவும் அண்ணையும் இருந்த கிணற்றடிக் குழியில் ஷெல் விழுந்தபோதும் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவருடைய இரத்தம் என் வாயில் உப்புக் கரித்தது. அவர் கையை இழுக்கவில்லை.

"பேணி வேணுமோ அண்ணை?" என்றார் கடைக்காரர்.

நான் மூடியைப் பார்த்து, "தள்ளி நில்லுங்கோடா!" என்று கத்தினேன்.