பாலாற்றங்கரையில் சும்மா

எங்கள் குடியிருப்பில் நடப்பதற்கென்றே ஒரு பாதை போட்டிருந்தார்கள். கல்பாக்கத்தில் ஆராய்ச்சி வேலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் எல்லாம் சாயங்காலம் ஆனால் அதில்தான் சுற்றும். ஒரு சுற்றில் எதிரே வந்தவர் அடுத்த சுற்றிலும் எதிரே வருவார். முதலில் விசாரித்த சர்க்கரை அளவை மறந்துபோய் மறுபடி விசாரிப்பார். தொண்ணூறுகளின் கடைசியில், மகளைப் பொத்தேரியில் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்த பிறகு, அந்தப் பாதையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. செக்குமாடுகூட எண்ணெய்க்காகத்தான் சுற்றுகிறது, நான் எதற்காகச் சுற்றுகிறேன் என்று என் கணவரிடம் கேட்டேன். கொலஸ்ட்ராலுக்காக என்றார்.

நான் கும்பகோணத்துக்காரி. ஊருக்குப் போகும்போதெல்லாம் செங்கல்பட்டைத் தாண்டி மாமண்டூர் பாலத்தில் பஸ் ஏறும், கீழே பாலாறு. பரந்த மணல், நடுவே எங்கோ ஈரம் மினுங்கும். கல்யாணமான புதிதில் இதையா ஆறு என்கிறார்கள் என்று சிரித்து, புகுந்த வீட்டில் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு முறை பாலத்தின் மேல் லாரி ஒன்று பழுதாகி நின்று, பஸ்ஸும் வெகுநேரம் நின்றது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த மணல் இப்படியே கிழக்கே போய்க் கடலில் முடிகிறது, முடிகிற இடம் எங்கள் வீட்டுக்குப் பக்கம். அப்படியானால் கரையோரமாகவே நடந்து வீட்டுக்கு வந்துவிடலாமே என்று தோன்றியது. அப்புறம் அந்த நினைப்பு என்னை விடவில்லை.

கணவரிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடவே வந்தார். பாலத்தடியிலிருந்து கொஞ்ச தூரம் நடந்ததும் ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துவிட்டார். நிழல் இல்லை, டீக்கடை இல்லை, பாதை என்று ஒன்றும் இல்லை என்று மூன்று குறைகளை எடுத்துச் சொல்லி, திட்டத்தைக் கைவிடலாம் என்று முடித்தார். தனியாக ஒரு பெண் ஆற்றோரம் நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். போய்த் தெரிந்துகொண்டு வருகிறேன் என்றேன். அவர் பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்பினார்.

முதலில் நினைத்தவர்கள் மணல் அள்ளுகிறவர்கள். புடவை, அதற்குக் கீழே மகள் கழித்துப் போட்ட கேன்வாஸ் ஷூ, கையில் குடை, தோளில் பை. இந்தக் கோலத்தில் நான் கரை மேல் தோன்றியதும் நாலைந்து மாட்டு வண்டிக்காரர்கள் அள்ளிய மணலை அவசரமாக ஆற்றிலேயே கொட்டினார்கள். ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, தாலுக்கா ஆபீசிலிருந்து வருகிறீர்களா என்று பணிவாகக் கேட்டார். இல்லை, சும்மா நடக்கிறேன் என்றேன். அவர் புரிந்துகொண்டதாகத் தலையாட்டிவிட்டுப் போய், இரண்டு இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். தாகம் தாங்கவில்லை, குடித்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் வாங்கிய லஞ்சம் அதுதான்.

அடுத்து, வள்ளிபுரத்துக்குச் சற்று முன்னால், ஒரு பம்புசெட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள். எங்கே போகிறாய் என்றார்கள். சும்மா, இப்படியே ஆற்றோரமாக என்றேன். துணி துவைக்கும் சத்தம் நின்றுவிட்டது. அவர்களில் மூத்தவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வூட்ல கோவிச்சிகினு வந்துட்டியாம்மா?"

இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, ஆமாம் என்றே அவர்களுக்குக் கேட்டது. என்னை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். நான் ஒரு வார்த்தை குறை சொல்லாத என் கணவரின் குறைகளை அவர்களே சொல்லி, அவர்களே மன்னித்தார்கள். குடிக்கிறாரா என்று கேட்டார்கள். காப்பி குடிப்பார் என்றேன். பாவம், மறைக்கிறாள் என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு யாரோ ஒருவருடைய டிவிஎஸ் ஐம்பதில் என்னை ஏற்றி, மெயின் ரோட்டில் பஸ் வரும்வரை காவல் நின்று, பத்திரமாக வீட்டில் சேர்க்கச் சொல்லிக் கண்டக்டரிடம் ஒப்படைத்தார்கள். பை தொலைந்தால்கூட அவ்வளவு அக்கறையாக யாரும் சேர்ப்பித்ததில்லை.

எங்கள் நிறுத்தத்தில் என் கணவர் பால் பாக்கெட்டோடு நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்த பார்வையிலேயே கண்டக்டர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். படியில் தொங்கியபடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சார், அம்மாவ திட்டாத. ஏதோ ஒரு கோவம்" என்று சொல்லிவிட்டு விசில் அடித்தார். அன்று ராத்திரி முழுக்க என் கணவர் பேசவில்லை. அதனால் நிஜமாகவே எங்களுக்குள் சண்டை வந்தது.

எனக்கு வெட்கமாக இல்லை, ஆத்திரமாகத்தான் இருந்தது. அந்த ஆற்றங்கரையில் எத்தனை ஆண்கள் குந்திக்கொண்டு இருக்கிறார்கள், தூண்டில் போடாமலே தண்ணீரைப் பார்க்கிறார்கள். எந்த மகராசனாவது அவர்களிடம் காரணம் கேட்டானா? கேட்டாலும், சும்மாதான் என்பார்கள், அவனும் பீடி பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவான். நான் சொன்னால் மட்டும் ஊரே கூடி பஸ் ஏற்றிவிடுகிறது. கடல் வரைக்கும் காரணமே இல்லாமல் நடந்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அடுத்த மாதம், எந்த இடத்தில் என்னை பஸ் ஏற்றினார்களோ அதே இடத்தில் இறங்கினேன். பம்புசெட்டுப் பக்கம் போகாமல் மணலில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு ஆலமரத்தடியில் ஆட்கள் சிலர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று அவர்களில் ஒருவர் கேட்டதும், என் வாய் என்னைக் கேட்காமலே "வேண்டுதல்" என்றது.

சீட்டு கவிழ்ந்தது. கேட்டவர் எழுந்து நின்றார். கடல் வரைக்கும் நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன். எந்தச் சாமிக்கு என்று நான் யோசித்து வைக்கவில்லை, அவர்களே "கன்னியம்மாளுக்கா?" என்று எடுத்துக் கொடுத்தார்கள். தலையாட்டினேன். என்ன வேண்டுதல் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளியே சொன்னால் பலிக்காதாம். அடடா, இவ்வளவு வசதியான பதில் இருக்கும்போது இத்தனை நாள் உண்மையைச் சொல்லிக் கெட்டேனே என்று நினைத்தபோதுதான், அத்தனை பேரும் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

கழற்றிப் பையில் போட்டேன். வேலிக்காத்தான் முள்ளும் வெயில் ஏறிய மணலும் எப்படி இருக்கும் என்று அதன் பிறகு என் கால் தெரிந்துகொண்டது. ஆள் பார்வை மறைந்ததும் மாட்டிக்கொள்வேன். தூரத்தில் ஒரு தலை தெரிந்ததும் கழற்றுவேன். போகிற வழியெல்லாம் மோர் கொடுத்தார்கள். மத்தியானம் ஒரு ஊரில் கொல்லைப் பக்கமிருந்து வஞ்சிரம் வறுபடும் வாசனை வந்தது. வேறொரு நாளாக இருந்தால் கூப்பிட்டு ஒரு துண்டு வைத்திருப்பார்கள். வேண்டுதல்காரிக்கு வாழைப்பழம் கொடுத்தார்கள்.

அந்த ஊரில்தான் அவளைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். வாயலூருக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்திலிருந்து தினமும் மீன் கூடையோடு பஸ் பிடித்து வந்து, ஆற்றங்கரை ஊர்களில் தெருத்தெருவாக விற்கிறவள். அந்த வஞ்சிரமே அவள் விற்றதுதான். என்னை மேலும் கீழும் பார்த்தாள். இன்றைக்கு இவ்வளவுதான், மிச்சத்தை இன்னொரு நாள் நடப்பேன் என்றேன். கடைசித் துண்டு தூரத்தை எப்போது நடப்பேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"நானும் வரேன்க்கா. எனக்கும் ஒரு வேண்டுதல் கீது" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? காரணம் என்றாலே எனக்கு ஆகாது.

இதற்குள் விஷயம் எங்கள் குடியிருப்புக்கும் வந்துவிட்டது. வேலைக்கு வரும் பெண்கள் மூலம் வந்திருக்க வேண்டும். மனைவி செருப்பில்லாமல் ஆற்றோரம் நடக்கிறாள் என்றால் புருஷனுக்கு ஏதோ பெரிய வியாதி என்று பேசிக்கொண்டார்கள். நடைபாதையில் எதிரே வந்தவர்கள் எல்லாம் என் கணவரின் தோளைத் தொட்டு, தைரியமாக இருங்கள் சார் என்றார்கள். அவர் வீட்டுக்கு வந்து ஈசிஜி எடுத்துக்கொள்ளலாமா என்று என்னிடமே கேட்டார்.

சொன்ன நாளில் அவள் எனக்கு முன்பே வந்து காத்திருந்தாள். மஞ்சள் புடவை, தலைநிறையப் பூ. பையில் தேங்காய், கற்பூரம், புளிச்சோறு. எல்லாம் மாமியார் கட்டிக் கொடுத்ததாம். பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. என்னம்மா வேண்டுதல் என்று மெதுவாகக் கேட்டேன். சொல்லக் கூடாதுக்கா என்று வாயில் விரல் வைத்தாள்.

அவள் வேகமாக நடந்தாள், நன்றாகக் கை வீசி நடந்தாள். நாணல் பூவைப் பறித்தாள். ஊற்றுத் தண்ணீரில் கால் நனைத்தாள். நான் பின்னாலேயே, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ, புருஷன் கடலுக்குப் போய் ஏதும் ஆபத்தோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்துகொண்டே போனேன். நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி, இல்லாத ஒரு வழிபாட்டில் தன் கஷ்டத்தைக் கொண்டுவந்து வைக்கப் போகிறாள். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தின் அடியில் புகுந்து வெளியே வந்தபோது அலைச் சத்தம் கேட்டது. கடலைப் பார்க்க எனக்கு மனசே வரவில்லை.

முகத்துவாரத்தில் ஆறு கடலில் சேரவும் இல்லை. இந்தப் பக்கம் தேங்கிய தண்ணீர், அந்தப் பக்கம் அலை, நடுவே மணல் திட்டு. அவள் திட்டின் மேல் உட்கார்ந்து காற்றுக்கு மறைவாகக் குழி பறித்துக் கற்பூரத்தை வைத்தாள். தீக்குச்சியை எடுத்தபோது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு வேண்டுதலெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சும்மா நடந்தேன். சும்மான்னு சொன்னா விட மாட்டேங்கிறாங்கன்னு அப்படிச் சொன்னேன்."

அவள் என்னையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அன்னிக்கே தெர்யும்க்கா. வேண்டிக்கினவ மீன் வறுக்கிற பக்கம் அப்படியா திரும்பிப் பாப்பா?"

அப்படியானால் உனக்கு என்னதான் வேண்டுதல் என்று கேட்டேன். மாமியாருக்கு இடது கால் வலி, அதற்குத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளாம். அதனால்தான் மாமியாரே விடிகாலையில் எழுந்து புளிச்சோறு கிளறினாளாம். சிரிப்பு அடங்கியதும், மணலைக் கையால் தள்ளியபடி சொன்னாள்.

"சின்ன வயசுலேர்ந்து இந்தக் கரைல நடந்துகினு கீறேன். தலைல கூடை இல்லாம ஒரு நாளு கூட நடந்ததில்லக்கா."

நான் காரணம் இல்லாமல் நடக்க வேண்டும் என்று ஊரோடு மல்லுக்கு நின்றேன். இவள் அதற்காக ஒரு வேலை நாளையே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். வேண்டுதல் பொய்யானாலும் கால்வலி நிஜம் என்று கற்பூரத்தையும் ஏற்றினோம். காற்றில் இரண்டு முறை அணைந்தது.

கிளம்பும்போது மாமியாருக்குத் தீர்த்தம் என்று ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"வேற ஆறு எதுனா கீதாக்கா, பக்கத்துல?"

எதுக்கு என்றேன்.

"மாமியாவுக்கு இன்னொரு காலு கீதில்ல."