ஆளில்லாத வீடுகளுக்குத் தண்ணீர்

மேனாம்பேட்டு வீட்டை விட்டு ஏன் இவ்வளவு தூரம் வந்தோம் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கத்தத்தான் வருகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

ஆனி மாதம் வீட்டுக்காரர் கூப்பிட்டார். நாலு குடித்தனம் இருந்த அந்த இடத்தை பில்டரிடம் கொடுத்துவிட்டாராம். "இடிச்சு ஃப்ளாட் கட்றாங்கப்பா. தீபாவளிக்குள்ள காலி பண்ணிடு" என்றார்.

"வாடகைக்கு இன்னும் எத்தினி ஊடு மாறுறது? சின்னதா இருந்தாலும் சொந்தமா ஒண்ணு பாக்கலாம்" என்றாள் உங்கள் அம்மா. உங்கள் அம்பத்தூர் பள்ளிக்கூடத்தை மாற்றக் கூடாது, அது ஒன்றுதான் எங்களுக்குக் கணக்கு. வானகரத்தில் பைபாஸ் ஓரம் ஒரு புதுக் கட்டடம் கிடைத்தது. மூன்றாம் மாடி. ஜன்னலில் நின்று சின்னவள் கீழே போகிற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டினாள். பேங்கிலும் கடன் தருகிறோம் என்றுவிட்டார்கள்.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க யாருக்கு மனசு வரும்? ஆவணியில் நல்ல நாள் பார்த்து வருகிறோம் என்றோம். அங்கே டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த விற்பனை ஆள் சிரித்தார். "தாராளமா சார். ஆடில எவன் வாங்கப் போறான்? உங்க ஃப்ளாட்டு எங்க ஓடிடப் போவுது?"

ஆவணி முதல் முகூர்த்தத்தில் நாலு பேருமாகப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ, நடுவில் அட்வான்ஸ் கவர்.

"சாரி சார், அந்த ஃப்ளோரே போயிடுச்சு" என்றார் அதே ஆள். "வெளிநாட்டுல இருக்கறவர், போன்லயே மொத்தமா புக் பண்ணிட்டார். ஜெனரேட்டர் ரூமை ஒட்டி கிரவுண்ட் ஃப்ளோர்ல ஒண்ணு இருக்கு. ஆனா ரேட்டு ஏறிடுச்சு."

"போன மாசம் ஒரு ரேட்டு சொன்னதும் இதே வாய்தானே?"

"மார்க்கெட் சார். சப்ளை இல்ல, டிமாண்ட் ஜாஸ்தி."

பேங்க் கொடுக்கிற கடனுக்கு அந்தப் புது விலை எட்டவே எட்டாது. தக்காளி விலை ஏறினால்கூட லோடு வரவில்லை என்று காரணம் சொல்வார்கள், அடுத்த வாரம் இறங்கவும் இறங்கும். இங்கே அதே செங்கல், அதே சுவர். ஒரு மாதத்தில் அந்தச் சுவர் அப்படி என்ன வேலை செய்து சம்பாதித்தது?

வெளியே வந்தோம். அந்த வானகரம் பில்டரே முன்பு கட்டி முடித்த பக்கத்துக் கட்டடத்தின் படியில், துப்புரவு வேலை செய்கிற அம்மா ஒருவர் பெரிய சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமா, தட்டோட வந்து தட்டோடவே போற?" என்றார். உங்கள் அம்மா நடந்ததைச் சொன்னாள்.

"ஊடு இல்லன்னானா? அடப்பாவி! இந்தக் கொத்து பூரா ஊடுதான். எல்லாம் வித்துப்போச்சு, ஒருத்தனும் குடி வர்ல. வாரம் ஒருதபா நான் பூந்து குழாயைத் தொறந்து உட்டுட்டு வரணும். இல்லாங்காட்டி நாத்தம் புடிச்சிக்கும். ஆளே இல்லாத ஊட்டுக்குத் தண்ணி காட்றதுக்கு எனக்குச் சம்பளம், அண்ணாத்தே!"

"நீங்க எங்கம்மா குடியிருக்கீங்க?"

"பின்னால ஒத்த ரூம்பு. அங்க ஏது குழாய்? லாரித் தண்ணிதான்."

அந்தப் பூட்டிய வீடுகளில் ஒன்றையாவது வாடகைக்குக் கேட்போமே என்று தோன்றியது. அந்தம்மாவே ஒரு உரிமையாளரின் நம்பரை வாங்கிக் கொடுத்தார். அண்ணா நகரில் சொந்த வீட்டில் இருக்கிறவர். பேசினேன்.

"குழந்தைங்க இருக்கா? சுவத்துல கிறுக்குவாங்களே. யாரும் புழங்காத ஃப்ளாட்டுன்னா நாளைக்கு நல்ல விலைக்குப் போகும். பூட்டியே கிடக்கட்டும்."

மனுஷன் குடியிருந்தால் வீட்டுக்கு மதிப்புக் குறைந்துபோகுமாம்! பிறகு எதற்குக் கட்டுகிறார்கள்? எதற்குச் சமையலறை, எதற்கு ஜன்னல்? நாங்கள் இருந்த வீட்டையும் இடித்தார்களே, அந்த இடத்திலும் இதே மாதிரி பூட்டி வைக்கத்தானா?

ஆடி பார்த்ததால்தான் வீடு போயிற்று என்று உங்கள் அம்மா இன்றைக்கும் தன்னையே நொந்துகொள்கிறாள். அவளை அப்படி நினைக்க விடாதீர்கள். குடியிருக்கப் போகிறவன்தான் நல்ல நாள் பார்ப்பான். பூட்டிப் போடுகிறவனுக்கு எந்த மாதமாக இருந்தால் என்ன?

தீபாவளிக்கு முன்னால் பட்டாபிராமையும் தாண்டி இந்த வாடகை வீட்டுக்கு வந்தோம். பள்ளிக்கூடம் மட்டும் அதேதான். அதற்காக நீங்கள் இட்லியைக் கையில் பிடித்துக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிறீர்கள்.

நேற்று அந்த அவசரத்தில் சின்னவள் குழாயை மூடாமல் போய்விட்டாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற தண்ணீர், பாதித் தொட்டி காலி. ஸ்டேஷன் வரை துரத்திக்கொண்டு வந்து திட்டினேன். ஒரு குழாய்க்கு அப்பா ஏன் இப்படிக் கத்தினார் என்று அவள் அழுதாளாம். சின்னவளே, என் கண்ணு, அந்தத் திட்டு உனக்கு இல்லை.