செருப்பைக் கழற்றச் சொன்னவள்

என் அண்ணிக்கும் எனக்கும் பிழைப்பு ஒன்றுதான், அளவெடுப்பது. நான் தையல்காரி. தெருமுனையில் கடை. அண்ணி ஊருக்கு வெளியே இருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவில், ரோலர் கோஸ்டர் வாசலில் நிற்பவள். அங்கே பலகையில் வெட்டிய ஒட்டகச்சிவிங்கி ஒன்று உண்டு. அதன் கழுத்தில் சிவப்புக் கோடு. தலை கோட்டைத் தொட்டால் ஏறலாம். தொடாவிட்டால் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டு, வளர்ந்துவிட்டு வரலாம். இதைச் சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஊர் அவளுக்கு வைத்த பெயர் 'ஸ்கேல் அக்கா'.

என்னிடம் வருபவர்கள் இடுப்பைக் குறைத்துச் சொல்வார்கள். அவளிடம் போகிறவர்கள் உயரத்தைக் கூட்டிச் சொல்வார்கள். என்னிடம் பொய் சொன்னால் பொத்தான் தெறிக்கும், அதோடு போயிற்று. ரோலர் கோஸ்டரில் மடி மேல் வந்து அழுத்தும் கம்பி பெரிய உடம்புக்காகச் செய்தது. சின்ன உடம்பு அதற்குக் கீழே வழுக்கிக்கொண்டு போய்விடும். அங்கே தெறிப்பது பொத்தான் இல்லை.

பிள்ளையை எப்படியாவது ஏற்றிவிடப் பெற்றவர்கள் படாத பாடு படுவார்கள். குதிகாலைத் தூக்கச் சொல்வார்கள், முடியை உச்சியில் குவித்துக் கட்டுவார்கள். பூங்கா வாசலில் தொப்பி விற்ற ஒரு மகானுபாவர் இதைப் பார்த்தார். ஊர் வாயில் அவர் 'தொப்பிக்காரர்'. அடி கனமான ஷூக்களை வரிசையாக அடுக்கி வைத்து, குள்ளமான பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். தொப்பி வியாபாரத்தைவிட இது அமோகம். பிள்ளைகள் செங்கல்லின் மேல் நடப்பது போல் தத்தித் தத்தி வந்து கோட்டைத் தொட்டன.

அண்ணி ஒரே ஒரு வார்த்தையில் அந்தக் கடையை மூடினாள்.

"ஷூவைக் கழட்டு கண்ணு."

எல்லாப் பிள்ளைக்கும் அதே சட்டம். வாடகை ஷூ, சொந்த ஷூ என்ற பேதமே இல்லை. க்யூ நத்தையாய் நகர்ந்தது. ஷூவைக் கழற்றியதும் கிழிந்த சாக்ஸ் வழியாகக் குடும்ப மானம் எட்டிப் பார்த்தது. பிள்ளை குள்ளம் என்று தெரிந்ததைவிட சாக்ஸ் ஓட்டை என்று தெரிந்ததில்தான் பெற்றவர்களுக்கு ஆத்திரம். "இவ பெரிய ராணுவ அதிகாரி" என்று முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். தொப்பிக்காரர் வியாபாரம் படுத்துவிட்ட துக்கத்தில் ஒரு மனு எழுதி, க்யூ ஓரமாக நடந்து நடந்து கையெழுத்து வாங்கினார். பிள்ளைகளின் பிஞ்சு மனம் புண்படுகிறதாம். போடாதவர் யாரும் இல்லை.

மேனேஜர் அண்ணியைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், எதிலும் கோணல் இருக்கக் கூடாது அவருக்கு, முக்கியமாக வாடிக்கையாளர் முகத்தில்.

"இனிமே ஷூவோடவே அளந்து விடும்மா."

"கம்பி நிக்காது சார். சின்னப் பிள்ளைங்க வழுக்கிடும்."

"ஷூ போட்டுக்கிட்டுத்தானே ஏறப் போறாங்க? அப்போ அதுவும் அவங்க உயரம்தானே? மறுபடி யாரையாவது கழட்டச் சொன்னதா புகார் வந்தா, உனக்கு வேற வேலைதான் பார்க்கணும்."

ஷூவும் உயரத்தில் சேர்த்தி என்றால் தொப்பியும் சேர்த்திதானே என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. நான் அங்கே இல்லை. அண்ணி தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டு வாடகை அப்படி ஆட்டவைக்கும்.

பிறகு ஒரு விடுமுறை நாள், நல்ல கூட்டம். ஒரு சின்னப் பெண், வாடகை ஷூவில் தத்திக்கொண்டு வந்தாள். சிரித்துக்கொண்டே கோட்டின் கீழ் நின்றாள். தலை தொட்டது. அவள் அப்பா போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணி ஷூவைப் பார்த்தாள். வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கினாள். "போ கண்ணு" என்றாள்.

இரண்டாவது வளைவில் அந்தப் பெண் கம்பிக்கு அடியில் நழுவி, கீழே இருந்த இரும்பு மேடையில் விழுந்தாள். இடுப்பும் காலும் முறிந்தன. உயிர் தங்கியது. கால் பழைய காலாக ஆகாது என்றார்கள் மருத்துவர்கள்.

ஊர் பொங்கியது. மறுநாள் விடிந்தபோது ஊரில் எல்லோரும் பொறியாளர்கள். முடிவெட்டுகிறவர் கத்தரியைப் பிடித்தபடியே வளைவின் வேகம் பற்றி வகுப்பு எடுத்தார், ஒரு தலை ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்டு வீடு போனது. வங்கியில் வேலை செய்பவர் என் சாக்கட்டியைப் பிடுங்கி, யாருடைய கால்சட்டைத் துணியிலோ தண்டவாளம் வரைந்தார். டிவியில் கட்டம் கட்டமாக உட்கார்ந்துகொண்டு ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காமல் கத்தினார்கள். இயந்திரத்தை உடை என்றது ஒரு கட்டம், பெற்றவரைப் பிடித்து உள்ளே போடு என்றது இன்னொரு கட்டம். போன வாரம் ஏறி இறங்கி 'செம' என்று படம் போட்டவர்கள், "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்றார்கள்.

தொப்பிக்காரர் கடையில் ஷூக்கள் தார்ப்பாய்க்கு அடியில் போயின. கறுப்பு பேட்ஜ் மேலே வந்தது. 'பிள்ளைகள் பாதுகாப்புக் குழு' என்று ஒன்று தொடங்கி, தானே தலைவரானார். மனு நீட்டிய கை ஒலிபெருக்கி பிடித்தது. "ஷூவைக் கழட்டிப் பார்க்காம விட்ட அந்தப் பொம்பளை யார்?" என்று அது தெருத்தெருவாகக் கேட்டது.

அந்தப் பொம்பளையின் நாத்தனார் கடைக்கே அவர் பேனருக்கு ஓரம் அடிக்க வந்தார் பாருங்கள், அந்த நெஞ்சழுத்தத்துக்கு ஒரு கும்பிடு.

"ஏங்க, அந்தப் பொண்ணு போட்டிருந்த ஷூ உங்க கடைதுதானே?"

"நான் ஷூ கொடுத்தேம்மா. ரயிலா ஓட்டினேன்?"

"எங்க அண்ணி கழட்டச் சொன்னப்போ மனு கொடுத்தீங்களே?"

"அப்போ மக்கள் கருத்து அப்படி இருந்துச்சு."

"இப்போ?"

"இப்பவும் மக்கள் கருத்துதாம்மா. சீக்கிரம் தச்சுக் கொடுங்க, ஊர்வலம் கிளம்புது."

பேனரைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தேன். நூல் பிரிந்து தொங்கத்தான் ஊர்வலம் போயிற்று.

அண்ணி சாப்பாட்டின் முன் உட்காருவாள், கை வைக்க மாட்டாள். மேனேஜர் வீடு தேடி வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"விசாரணையில, கூட்டத்துல கவனிக்கலன்னு சொல்லிடும்மா. மனுஷக் கண்ணுதானே, தப்பிப் போச்சுன்னு முடிச்சுடலாம். உன் வேலைக்கு நான் பொறுப்பு."

அவர் போனதும் என் அண்ணன் வாயைத் திறந்தான். பஸ் ஓட்டுகிறவன், ஊரை நன்றாக அறிந்தவன்.

"சொல்லிடேன். ஊரு கொஞ்ச நாள் ஏசும். அப்புறம் வேற ஒரு விபத்து கிடைச்சா அங்க போயிடும்."

"பார்க்கலன்னு சொன்னா தப்பு என் கண்ணோட போயிடுங்க. அந்த உத்தரவு அப்படியே நிக்கும். அடுத்த பிள்ளையும் ஷூவோட ஏறும்."

"உண்மையைச் சொன்னா வேலை போகும், தெரியுமில்ல?"

"அதுக்குப் பயந்துதானே அன்னைக்கு வாயை மூடினேன்" என்றாள் அண்ணி.

நகர மன்றத்தில் விசாரணை. நிற்க இடமில்லை. அதிகாரி கேட்டார், "ஷூவை நீங்க கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன் ஐயா. அடி கனமான ஷூ. கழட்டினா அந்தப் பொண்ணுக்குக் கோடு எட்டாதுன்னு தெரியும். கழட்டச் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. மீறினா வேலை போகும்னு பயந்து விட்டுட்டேன். உத்தரவு அவங்களது. பயம் என்னோடது."

அவள் புளுகுவாள், பிடித்துக் கிழித்துவிடலாம் என்று வந்த கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம். உத்தரவு யாருடையது என்று அதிகாரி திரும்ப, மேனேஜர் எழுந்து, தான் மக்களின் மனுவுக்கு மதிப்பளித்ததாகச் சொன்னார். எந்த மக்கள் என்று அதிகாரி கேட்டார். மன்றம் மொத்தமும் குனிந்து அவரவர் செருப்பைப் பார்த்தது.

உத்தரவு ரத்தானது. கம்பியோடு புதிதாகப் பெல்ட்டும் வைத்தார்கள். மேனேஜரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள், பாதுகாப்பு ஆலோசகராக. அண்ணியை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். ஆனால் அந்த ஒட்டகச்சிவிங்கிப் பக்கத்தில் நிற்க வேறு யாரும் முன்வரவில்லை. ஏச்சு வாங்குவதற்கு ஆள் கிடைப்பது அவ்வளவு சுலபமா? திரும்பக் கூப்பிட்டார்கள்.

"போகாதீங்க அண்ணி. மானமே இல்லையா அவங்களுக்கு?" என்றேன் நான்.

"நான் போகலன்னா கழட்டச் சொல்றது யாரு?" என்று கிளம்பிவிட்டாள்.

மறுபடி திறந்த அன்று துணைக்கு நானும் போனேன். விபத்துக்கு முன்பு இருந்ததைவிட நீளமான க்யூ. விபத்து நடந்த வளைவைப் பார்க்கவே பாதிப்பேர் வந்திருந்தார்கள். தொப்பிக்காரர் கடையில் இப்போது ஹெல்மெட் வாடகைக்கு. ரயிலில் யாரும் ஹெல்மெட் கேட்கவில்லை. பெற்றவர்கள் வாங்கி மாட்டினார்கள்.

க்யூவில் தொப்பிக்காரரும் வந்தார், தன் மகனோடு. அண்ணி வழக்கம்போலச் சொன்னாள், பையன் ஷூவைக் கழற்றினான். தலைக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

"எட்டலங்க."

"ரெண்டு விரல்தானேம்மா. எல்லாம் புதுசா மாத்தியாச்சு, குழுவோட வந்து நானே பார்த்தேன். இனிமே என்ன பயம்?"

"எட்டலங்க."

"க்யூ நகரட்டும்" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. அதே குரல்கள்தான். தொப்பிக்காரருக்குத் தெம்பு கூடியது. ஒலிபெருக்கியில் முழங்கிய அதே தொண்டையைத் திறந்தார்.

"அன்னைக்கு அந்தப் பொண்ணை மட்டும் விட்டீங்க இல்ல? என் பையனுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

அண்ணியின் முகம் வெளுத்தது. குனிந்து உட்கார்ந்து, அந்தப் பையனுக்கு ஷூவை மாட்டினாள். இரண்டு ஷூவையும் கட்டி முடித்த பிறகே நிமிர்ந்தாள்.

"ஆமாங்க, விட்டேன். அவ இன்னும் எழுந்து நடக்கல. உங்க பையன் நடந்தே வீட்டுக்குப் போகட்டும்."

அடுத்து நின்றவள் ஏதோ முனகிக்கொண்டே தன் மகளின் ஷூவைக் கழற்றக் குனிந்தாள்.