கம்பிப் பதத்தில் காய்ச்சிய கியர் ஆயில்

என் எழுத்து வரிக்கு வரி சாயும். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒன்றுதான். ஐந்தாம் வகுப்போடு சரி; பொறுத்துப் படியுங்கள். நேரில் சொல்ல வெட்கம், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று புதுக்கோட்டையில் ஒரு லாரிப் பட்டறையைத் தாண்டும்போது கியர் ஆயில் வாடை வந்தது. கெட்டுப்போன முட்டை மாதிரி இருக்கும். நான் நின்று முகர்ந்தேன். இப்போது ஆயில் எவ்வளவு கெட்டி என்று டின்னிலேயே நம்பர் இருக்கிறது. இந்த வண்டிக்கு இந்த நம்பர். யோசிக்க ஒன்றுமில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் நான், இலுப்பூர் வழியாகப் பொன்னமராவதி போகும் பஸ்ஸில் கண்டக்டர். 'ரைட்' சொல்லக் கூச்சப்பட்டுத் தகரத்தைத் தட்டுகிற கண்டக்டர். முதலாளி மாணிக்கத்துக்கு அந்த ஒரு வண்டிதான். டிரைவர் செல்லையா அவருடைய மச்சான். பெட்ரோல் இல்லாததால் வண்டிக்குப் பின்னால் அடுப்பு மாட்டி, கரியை எரித்து ஓட்டினோம். கியர் ஆயிலும் கிடைக்கவில்லை. எஞ்சினில் வடித்த பழைய ஆயிலைத் துணியில் வடிகட்டிக் கியர் பெட்டியில் ஊற்றினோம். அது தண்ணீர் மாதிரி ஓடும். பல்சக்கரங்கள் ஓலமிட்டன.

அன்னவாசலில் ஏறும் பெண்கள் சும்மா விடுவார்களா?

"என்னங்க டிரைவரே, உள்ள கம்பு இடிக்கிறீங்களா?"

செல்லையாவுக்கு மானம் போயிற்று. ஒரு நாள், ஆயில் கெட்டியானால் சத்தம் நிற்கும் என்று விளக்கெண்ணெயில் குங்கிலியப் பிசினைப் போட்டுக் காய்ச்சினார். அதிரசப் பாகுக்குப் பார்ப்பதுபோல விரலில் தொட்டு இழுத்தார். கம்பியாக நீண்டது. (எங்கள் வீட்டில் ஒரு தீபாவளிக்கும் பாகு பதமாக வந்ததில்லை; அதிரசத்தை உடைத்துத்தான் தின்போம்.)

"மச்சான், பாகு ரெடி, மாவு எங்க?" என்று சிரித்த முதலாளி, சட்டென்று முகம் மாறினார். "பெட்டி போச்சுன்னா வேற பெட்டி வராதுய்யா. கப்பலே வரல. தண்ணியா இருந்தாலும் பழசே கெடக்கட்டும்."

"தேயுற பல்லுதான் கத்தும் மச்சான். சத்தம் நின்னா ஒங்களுக்கே தெரியும்."

சூட்டோடு ஊற்றினார். வண்டி பூனை மாதிரி போயிற்று. பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். முதலாளிகூடத் தலையாட்டினார். நானும் அன்று வாய்விட்டு 'ரைட்' சொன்னேன்.

மறுநாள் காலை நல்ல பனி. இலுப்பூர் தாண்டியதும் தீய்ந்த வாடை. வண்டி கடகடவென்று உதறி நின்றது. பெட்டியைத் திறந்தோம். பனியில் எண்ணெய் இறுகிப்போய், சக்கரம் சுற்றிய இடம் மட்டும் பள்ளமாக, மிச்சமெல்லாம் ஓரத்தில் அல்வாவாக ஒட்டியிருந்தது. பல்லுக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. பாதிப் பற்கள் உதிர்ந்து, மீதி சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தன.

செல்லையா அந்தக் கட்டியை வழித்து வழித்துப் பற்களின் மேல் தடவிக்கொண்டே இருந்தார்.

"விடு மச்சான்," என்றார் முதலாளி. "கத்திக்கிட்டாச்சும் ஓடியிருக்கும்."

வேறு பெட்டி வரவே இல்லை. வண்டி அங்கேயே நின்றது. முதலில் கரி அடுப்பைக் கழற்றினார்கள், பிறகு பலகைகளை, பிறகு தகரத்தை. யுத்தம் முடிந்து டின் டின்னாக ஆயில் வந்தபோது ஊற்ற வண்டி இல்லை. முதலாளி இலங்கைக்குப் போனதாகச் சொன்னார்கள், திரும்பவில்லை. செல்லையா அப்புறம் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. வண்டி நின்ற இடத்தைப் போன வருஷம் தேடிப் பார்த்தேன். ரோட்டை அகலப்படுத்தி மேலே தார் போட்டிருக்கிறார்கள். எந்த இடம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

கார்த்திகை ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை.